பிஎஸ்சியை கரஸ்ல படிக்கலாமா? லேப் எங்கே, எத்தனை மணி நேரம்னு முதல்ல கேளுங்க

கரஸ்ல, அதாவது தொலைநிலைக் கல்வியில, பிஏ, பிகாம் படிக்கிறதுல யாருக்கும் பெரிய குழப்பம் இல்ல, புத்தகம் வரும், படிப்போம், பரீட்சை எழுதுவோம். பிஎஸ்சி கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ்னு வந்தா தான் "லேப் இல்லாம எப்படிங்க சயின்ஸ் டிகிரி குடுப்பாங்க"ன்னு கேக்குறாங்க. நியாயமான கேள்வி தான். லேப் இல்லாம குடுக்கக் கூடாது, அதுதான் ரூல். குடுக்குறேன்னு எவனாவது சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க.

இப்போ நடைமுறையில இருக்கிறது யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2020 செப்டம்பர்ல கொண்டு வந்த தொலைநிலை மற்றும் ஆன்லைன் படிப்புகளுக்கான விதிமுறை. இதுல தொலைநிலை வேற, ஆன்லைன் வேற, இத கலந்துக்கிட்டு தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. தொலைநிலைன்னா புத்தகம் வீட்டுக்கு வரும், ஆனா கற்போர் உதவி மையம்னு ஒரு காலேஜ் இருக்கும், அங்க காண்டாக்ட் கிளாஸ், லேப் எல்லாம் நேர்ல நடக்கும். ஆன்லைன்னா முழுக்க நெட்டு வழியா. பாடத்திட்டத்துலயே லேப் இருக்கிற படிப்ப ஆன்லைன் முறையில நடத்தவே கூடாதுன்னு அந்த விதி சொல்லுது. அதனால மேத்ஸ் மாதிரி லேப் தேவைப்படாத பாடம்னா ஆன்லைன் சரி, கெமிஸ்ட்ரிக்கு தொலைநிலை மட்டும் தான் வழி, அதுவும் லேப் இருக்கிற மையத்தோட.

சில படிப்புக்கு ரெண்டுமே கிடையாது. இன்ஜினியரிங், மெடிக்கல், நர்சிங், பார்மசி, அக்ரி இதெல்லாம் முன்னாடியே தடை. 2025 ஜூலை-ஆகஸ்ட் அட்மிஷன்லேர்ந்து சைக்காலஜி, மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, உணவு ஊட்டச்சத்து அறிவியல் இதுகளையும் தொலைநிலையிலயும் ஆன்லைன்லயும் நிறுத்தச் சொல்லிட்டாங்க. பழைய நோட்டீஸ பாத்துட்டு பணம் கட்டிடாதீங்க. எம்ஃபில், பிஎச்டியும் இந்த வழியில கிடையாது.

முறையான அனுமதியோட படிச்சு வாங்கின டிகிரி ரெகுலர் டிகிரிக்கு சமம்னு இதே விதிமுறையில இருக்கு, 2022 செப்டம்பர்ல யூஜிசி இத தனியா அறிவிப்பாவும் போட்டாங்க. ஆனா "முறையான அனுமதியோட"ங்கிறதுல தான் எல்லாமே இருக்கு. 2017 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, நாலு நிகர்நிலை பல்கலைக்கழகங்கள் முறையான அனுமதி இல்லாம கரஸ்ல நடத்தின இன்ஜினியரிங் படிப்பு பத்தி. 2005க்கு அப்புறம் சேந்தவங்க டிகிரி செல்லாதுன்னு ஆச்சு, 2001லேர்ந்து 2005 வரைக்கும் சேந்தவங்க தனியா ஒரு டெஸ்ட் எழுதி பாஸ் பண்ணா தான் டிகிரி தங்கும்னு சொன்னாங்க. வேலைல சேந்து, ப்ரோமோஷனும் வாங்கி, கல்யாணம் காட்சின்னு குடும்பமா ஆனவங்க எல்லாம் மறுபடி எக்ஸாம் ஹால்ல போய் உக்காரணும்னு ஆச்சு. தப்பு பண்ணது நிர்வாகம், அனுபவிச்சது படிச்சவங்க. அதனால தான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

சரி, ஒரு சயின்ஸ் டிபார்ட்மென்ட் தொலைநிலையில பிஎஸ்சி ஆரம்பிக்கணும்னா உள்ள என்ன நடக்கும், நடக்கணும்? பல்கலைக்கழகத்துக்கு நாக்னு சொல்ற தர மதிப்பீட்டு அமைப்போட மதிப்பெண் 4க்கு குறைஞ்சது 3.01 வேணும், இல்லன்னா என்ஐஆர்எஃப்ங்கிற தேசிய தரவரிசைப் பட்டியல்ல முதல் 100க்குள்ள வரணும். ரெகுலர்ல அதே படிப்பு நடந்து ஒரு பேட்ச்சாவது பாஸாகி வெளிய போயிருக்கணும். அப்புறம் அந்தப் படிப்புக்குன்னு ஒரு திட்ட அறிக்கை, பிபிஆர்னு சொல்லுவாங்க, அத டிபார்ட்மென்ட் தயார் பண்ணி அகாடமிக் கவுன்சில் மாதிரியான குழுக்கள்ல ஒப்புதல் வாங்கணும். யாருக்காக இந்தப் படிப்பு, தொலைநிலையில இத சொல்லிக்குடுக்க முடியுமா, எப்படி சேக்குறது, எப்படி மார்க் போடுறது, எவ்ளோ செலவு, லேப்புக்கும் லைப்ரரிக்கும் என்ன ஏற்பாடுன்னு எல்லாம் அதுல வரணும். நெறைய டிபார்ட்மென்ட்ல இத ஒரு ஃபார்மாலிட்டியா நெனச்சு வேற யூனிவர்சிட்டியோடத எடுத்து பேர் மாத்தி வெச்சிடுறாங்க. என்னைக் கேட்டா அந்த அறிக்கையோட உயிரே லேப் பத்தின பகுதி தான், அத மட்டுமாவது ஒரு நாள் ஃபுல்லா உக்காந்து யோசிச்சு எழுதணும்.

ஏன்னா கணக்கு இப்படி. தொலைநிலையில 1 கிரெடிட்னா மாணவர் 30 மணி நேரம் படிக்கிற உழைப்பு. 4 கிரெடிட் தியரி பேப்பர்னா 120 மணி, அதுல பெரும்பகுதி வீட்ல புத்தகத்தோட, கொஞ்சம் அசைன்மென்ட், கொஞ்சம் காண்டாக்ட் கிளாஸ். லேப்புக்கு அப்படி வீட்ல பாதி இங்க பாதின்னு பிரிக்க முடியாது. 2 கிரெடிட் பிராக்டிகல்னா 60 மணி, அத்தனையும் லேப்ல நின்னு செய்யுற நேரம். ரெகுலர் பசங்களுக்கும் அதே தான், வாரத்துக்கு 4 மணி, 15 வாரம், அதே 60. காகிதத்துல ரெண்டும் சமம்.

ஆனா லேப்ல நின்னு பாத்தவங்களுக்கு வித்தியாசம் தெரியும். ரெகுலர் பொண்ணு ஒருத்தி இந்த வாரம் டைட்ரேஷன் பண்ணி, ரீடிங் ஒத்து வரலன்னா வீட்டுக்குப் போய் கணக்க திருப்பிப் பாத்து, ரெக்கார்ட் எழுதி, அடுத்த வாரம் வந்து "மேம், நான் பியூரெட்ட கழுவின அப்புறம் ஆசிட்டால ரின்ஸ் பண்ணல"ன்னு அவளே கண்டுபிடிச்சு சொல்லுவா. கரஸ் பொண்ணுக்கு அந்த ஒரு வாரம் கிடையாது. ஒரு நாளைக்கு 6 மணி நேரம், 10 நாள் கேம்ப்னு வெச்சா காலைல டைட்ரேஷன், மதியம் சால்ட் அனாலிசிஸ், மறுநாள் வேற. டைட்ரேஷன்ல பிங்க் கலர் எப்ப நிக்குது எப்ப மறையுதுன்னு கண்ணு பழகுறதுக்குள்ள அந்த எக்ஸ்பெரிமென்ட் முடிஞ்சிடும். கெமிக்கல் பேலன்ஸ் ரெண்டு தான் இருக்குன்னா எடை போட எட்டு பேர் வரிசைல நிப்பாங்க, அந்த நேரமும் 60 மணில தான் கழியும்.

அதனால பிளான் பண்றவங்க முடிவு பண்ண வேண்டியது எத்தனை எக்ஸ்பெரிமென்ட்ங்கிறத விட அத எப்படிப் பரப்புறோம்ங்கிறது தான். பத்து நாள் ஒரே மூச்சா வைக்கலாம், இக்னோ (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலை பல்கலைக்கழகம்) மாதிரி இடத்துல பிஎஸ்சி லேப் ரொம்ப வருஷமா இப்படி தொடர்ச்சியா கேம்ப் போல தான் நடக்குது, வெளியூர்லேர்ந்து வர்றவங்களுக்கு அது வசதி, லீவ் ஒரே தடவை போட்டா போதும். இல்ல பத்து ஞாயித்துக்கிழமைன்னு வைக்கலாம், பக்கத்துல இருக்கிறவங்களுக்கு இது தான் நல்லது, நடுவுல யோசிக்க ஒரு வாரம் கிடைக்குது. கம்பெனில ஷிஃப்ட் பாக்குறவங்க, கைக்குழந்தை வெச்சிருக்கிறவங்க யாருக்கு எது முடியும்னு அட்மிஷன் போடும்போதே கேட்டு பேட்ச் பிரிக்கலாம், இதுக்கு ஒரு பைசா செலவில்ல. எக்ஸ்பெரிமென்ட்ட முன்னாடியே வீடியோவா எடுத்து அனுப்பினா லேப்ல விளக்கிச் சொல்ற நேரம் மிச்சம். ஆனா வீடியோவையே லேப்னு கணக்கு காட்டக் கூடாது.

டிகிரி வாங்க என்னென்ன வேணும்ங்கிறது அடுத்தது. மொத்த கிரெடிட் இடத்துக்கு இடம் மாறும். யூஜிசியோட 2022 கட்டமைப்புல மூணு வருஷ டிகிரிக்கு குறைஞ்சது 120, நாலு வருஷ ஹானர்ஸுக்கு 160. தமிழ்நாட்டு மாநில பல்கலைக்கழகங்கள்ல யூஜிக்கு வழக்கமா 140, அதுல பார்ட் ஒன் தமிழும் பார்ட் டூ இங்கிலீஷும் சேரும், அதனால மேஜர் மட்டும் முடிச்சா டிகிரி வந்துடாது, மொழி அரியர் நின்னாலும் நிக்கும். மார்க்குல அசைன்மென்ட் மாதிரி உள்மதிப்பீடு அதிகபட்சம் 30 சதவீதம், கடைசிப் பரீட்சை குறைஞ்சது 70 சதவீதம்.

இதுல டிபார்ட்மென்ட் கைல இருக்கிற ஒரு முடிவ பத்தி எனக்கு உறுதியான கருத்து இருக்கு. பிராக்டிகலுக்கு தனி பாஸ் மார்க், தனி வருகைப்பதிவு வெக்கணும், தியரி மார்க்க வெச்சு இழுத்துக் கரை சேக்கக் கூடாது. கேக்க கொடூரமா இருக்கும், வேலைக்குப் போறவங்கள இப்படிப் படுத்தலாமான்னு தோணும். ஆனா நாளைக்கு ஒரு கெமிக்கல் கம்பெனியோட க்யூசி லேப்ல, அதாவது தரம் சோதிக்கிற லேப்ல, இன்டர்வியூ, பிப்பெட்ட கைல குடுத்து செஞ்சு காட்டச் சொன்னா நம்ம பொண்ணு தடுமாறி நிக்கக் கூடாது. கண்டிப்ப வெச்சுட்டு, கேம்ப தவற விட்டவங்களுக்கு அடுத்த செமஸ்டர்ல இன்னொரு வாய்ப்பையும் வைங்க, ரெண்டும் சேந்து இருக்கணும். படிப்ப முடிக்க ரெண்டு மடங்கு காலம் வரைக்கும் இடம் உண்டு, இக்னோ பிஎஸ்சிக்கு 3 வருஷம் குறைஞ்சது, 6 வருஷம் அதிகபட்சம், அதனால ஒரு கேம்ப் போனதுக்கு யாரும் படிப்பையே விட வேண்டியதில்ல.

சேரப் போறவங்களுக்கு ஒரு விஷயம். அரசு வேலை நெனப்பு இருந்தா பத்தாவது, பன்னண்டாவது, அப்புறம் மூணு வருஷ டிகிரிங்கிற வரிசை தமிழ்நாட்டுல முக்கியம், நடுவுல பன்னண்டாவது இல்லாம நேரா டிகிரி வாங்கிட்டு பின்னாடி மாட்டிக்கிட்டவங்க இருக்காங்க. உதவி மையம் ஃப்ரான்சைஸா, அதாவது வெளி ஆளுக்கு குத்தகைக்கு விட்டதா, இருக்கவே கூடாது, ரெகுலரா அந்தத் துறை நடக்குற, லேப் வசதி இருக்கிற காலேஜா இருக்கணும். மாடி மேல ஒரு ரூம், ஒரு போர்டு, ஒரு கம்ப்யூட்டர்னு இருந்தா திரும்பி வந்துடுங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த காலேஜ் லேப்ப நேர்ல போய் பாருங்க, கேஸ் வருதா, தண்ணி வருதா, கரஸ் பேட்ச்சுக்கு பிராக்டிகல் எடுக்கிறவங்க யாருன்னு கேளுங்க, போன பேட்ச்ல படிச்சவங்க ரெக்கார்ட் நோட்டு ஒண்ணு காட்டச் சொல்லுங்க. தேதி போட்டு, சைன் வாங்கி, ரீடிங் அடிச்சு திருத்தி எழுதின நோட்டா இருந்தா அங்க லேப் நடந்திருக்குன்னு அர்த்தம்.

யூஜிசியோட தொலைநிலைக் கல்விப் பிரிவான டெப்போட வெப்சைட்ல எந்த யூனிவர்சிட்டிக்கு எந்தப் படிப்புக்கு எந்த வருஷ அட்மிஷனுக்கு அனுமதின்னு பட்டியல் இருக்கும், யூனிவர்சிட்டி பேர் இருந்தா மட்டும் போதாது, உங்க படிப்பு பேரும் உங்க செஷனும் இருக்கணும். 2024 செப்டம்பர்லேர்ந்து டெப் ஐடி இல்லாம சேர முடியாது, அதுக்கு முன்னாடி ஏபிசி ஐடி, அதாவது மாணவரோட கிரெடிட்ட சேத்து வைக்கிற கணக்கோட நம்பர், எடுத்துக்கணும், ஆதார்ல இருக்கிற பேரும் மார்க் ஷீட்ல இருக்கிற பேரும் இனிஷியல் உட்பட ஒத்துப் போகுதான்னு பாத்துட்டு போடுங்க. வருஷத்துல ஜூலை-ஆகஸ்ட், ஜனவரி-பிப்ரவரின்னு ரெண்டு அட்மிஷன், ஒண்ணு போனா ஆறு மாசத்துல இன்னொண்ணு வரும், அதனால "இன்னிக்கு தான் கடைசி நாள், உடனே கட்டுங்க"ன்னு ஏஜென்ட் போன் பண்ணா பயந்து கட்டாதீங்க.