400 கிலோமீட்டர் உயரத்திலும் காற்று இருக்கிறது

விண்வெளி என்றாலே வெற்றிடம் என்று பள்ளியில் படித்துவிட்டோம். செயற்கைக்கோள்களின் பாதையைக் கணிக்கும் வேலையில் இருப்பவர்கள் அப்படி நினைத்துக்கொண்டிருக்க முடியாது. 400 கிலோமீட்டர் உயரத்திலும் காற்று உண்டு. துளிதான். ஆனால் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் பாய்கிற ஒன்றை இழுத்து இறக்க அதுவே போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றின் இழுவையால் நாளுக்கு 100 மீட்டர் இறங்கும் ஒரு செயற்கைக்கோள். அங்குள்ள காற்றின் அடர்த்தியை 10 சதவீதம் தவறாக எடுத்துக்கொண்டால், மூன்றே நாளில் நம் கணிப்பு ஆறேழு கிலோமீட்டர் பிசகிவிடும். (காற்று தடுத்தால் கோள் பின்தங்கும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு: இறங்க இறங்க வேகம் கூடி, முந்திக்கொண்டு வந்து நிற்கும்.) நேரமாகப் பார்த்தால் ஒரு நொடிகூட ஆகாது. குறுக்கே ஒரு பழைய ராக்கெட் துண்டு வரும்போதோ, மோதுவதா தப்புவதா என்பது அதைவிடக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும். எச்சரிக்கை வந்ததும் எரிபொருளைச் செலவழித்து விலகுவதா, பேசாமல் இருப்பதா என்று திணறுவது பெரும்பாலும் இதனால்தான்.

அந்த அடர்த்தியும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சூரியன் சீறினால் மேல்வளி சூடேறி உப்பிக்கொள்ளும். 2022 பிப்ரவரி 3 அன்று ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களில் 38 சில நாட்களில் விழுந்து எரிந்துபோயின. அதற்குக் காரணமான காந்தப்புயல் (சூரியனின் சீற்றத்தால் பூமியின் காந்தப்புலம் கலங்குவது) அப்படியொன்றும் பெரியதில்லை.

சரி, அளந்துவிட வேண்டியதுதானே? கோள் எவ்வளவு இழுக்கப்படுகிறது என்பது தெரியும். அதில் காற்றின் பங்கு எவ்வளவு, கோளின் வடிவத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பதுதான் பெரும்பாடு. சோலார் பலகை சற்றுத் திரும்பினாலே கணக்கு மாறிவிடும்.

அதனால்தான் பந்து. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் காஸ்டர், போலக்ஸ் என்ற இரண்டு உருண்டைகளை 2009 ஜூலையில் எண்டெவர் விண்ணோடம் பாதையில் விட்டது. இரண்டுக்கும் விட்டம் ஒன்றே, சுமார் 48 சென்டிமீட்டர். எடை மட்டும் வேறு: ஒன்று 47 கிலோ, மற்றொன்று 27 கிலோ. எப்படிப் புரண்டாலும் காற்றை எதிர்கொள்ளும் பரப்பு மாறாது. மேலே பதித்த பிரதிபலிப்பான்களில் தரையிலிருந்து லேசரை அடித்து, இரண்டும் எங்கே போகின்றன என்று துல்லியமாகப் பார்த்தார்கள். இலேசான போலக்ஸ் 2010 மார்ச்சிலும் காஸ்டர் ஆகஸ்டிலும் விழுந்தன. இவ்வளவு எளிமையான ஏற்பாட்டில் இவ்வளவு தகவல் கிடைத்த சோதனைகள் குறைவு என்பேன்.

இப்போது கல்லூரிகளிலேயே கியூப்சாட் என்ற குட்டிச் செயற்கைக்கோள்களைச் செய்கிறார்கள். தனியாக அளவுக்கருவி வைக்க இடமில்லை என்று கவலைப்பட வேண்டாம், நல்ல ஜிபிஎஸ் கருவி ஒன்று இருந்தாலே அதன் பதிவுகளிலிருந்து அடர்த்தியைக் கணக்கிடலாம். ஆனால் ஏவுவதற்கு முன் எடுத்த கடைசி எடை, ஆன்டெனா விரிந்ததா, கோள் எந்தப் பக்கம் பார்த்துப் பறந்தது என்ற விவரங்களையும் சேர்த்து வெளியிடுங்கள். இவை இல்லாமல் வெறும் பாதையை மட்டும் கொடுத்தால், அடர்த்தியைக் கணக்கிடும் எங்களால் ஊகிக்கத்தான் முடியும்.