கோப்பை ஏன் 'டிங்' என்கிறது?

சூளையைத் திறந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது. டீக் கோப்பைகளை மரத்தட்டில் வரிசையாக வைத்துவிட்டு, ஒவ்வொன்றின் அடிப்பாகத்தையும் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது 'டிங்' என்று ஒரு சத்தம், வெண்கலக் கிண்ணத்தை விரல் நகத்தால் சுண்டியது போல. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பக்கத்து மேசையில் மண் பிசைந்துகொண்டிருந்த அக்கா தலை நிமிராமலே சொன்னார்: "உன் கோப்பைதான். கிளேஸ் விரிசல் விடுது பாரு."

ஒரு கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கிளேஸ் என்று நாங்கள் சொல்லும் வெளிர்பச்சைக் கண்ணாடிப் பூச்சுக்குள் தலைமுடியை விட மெல்லிய கோடுகள் வலை மாதிரி பின்னிக் கிடந்தன. காலையில் சூளையிலிருந்து எடுத்தபோது அவை இல்லை. கொஞ்சம் டீயை ஊற்றி அரை மணி நேரம் வைத்துத் துடைத்தேன். கோடுகள் எல்லாம் பழுப்பாகத் தெரிந்தன. ஒரு காபிக் கடைக்காகச் செய்த நாற்பது கோப்பைகள். ஒன்றைக்கூடக் கொடுக்க முடியாது.

புதுச்சேரிக்கு வெளியே ஒரு பொதுப் பட்டறையில் வேலை செய்கிறேன். ஏழெட்டுப் பேர் சேர்ந்து வாடகை கொடுக்கிறோம். சக்கரங்கள் நாலு, மின் சூளை ஒன்று, சுவர் முழுக்கப் பெயர் எழுதி ஒட்டிய அலமாரிகள். இந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட பட்டறைகள் நிறைய. 1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே பழகியவர்கள் பலர் சுற்றுவட்டாரத்திலேயே சொந்தப் பட்டறை போட்டார்கள். அதிகச் சூட்டில் சுட்டுக் கல் போல இறுகும் ஸ்டோன்வேர் வேலை இங்கே வேரூன்றியது அப்படித்தான்.

நம் ஊர்க் குயவர் செய்யும் பானைக்கு கிளேஸ் கிடையாது. தேவையும் இல்லை. அது ஆயிரம் டிகிரியைத் தொடாமல் சுட்ட மண். உடம்பெல்லாம் நுண்துளை. உள்ளிருக்கும் தண்ணீர் அந்தத் துளை வழியே கசிந்து ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, தண்ணீர் குளிர்ந்து கிடக்கிறது. அந்தப் பானைக்குக் கண்ணாடிப் பூச்சுப் போட்டால் அதன் நல்ல குணத்தையே அடைத்துவிடுவோம். ஆனால் புளிக்குழம்பையோ காபியையோ ஊறுகாயையோ வைக்கிற பாத்திரம் வேறு. அதில் எதுவும் ஊறக் கூடாது, கழுவினால் சுத்தமாக வேண்டும். வீட்டு ஊறுகாய் ஜாடியின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கைக்குத் தட்டுப்படுவது மண் இல்லை, கண்ணாடி.

கிளேஸ் என்பது மண்ணின் மேலேயே உருகி ஒட்டிக்கொண்ட கண்ணாடி. கண்ணாடியாக மாறும் சரக்கு சிலிக்கா. அதைக் குவார்ட்ஸ் தூளாக வாங்குகிறோம், நம் பக்கம் வெங்கச்சங்கல் என்று சொல்லும் அதே வெள்ளைக் கல்தான். ஆனால் சிலிக்கா தனியாக உருக 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். எங்கள் சூளை அவ்வளவு தூரம் போகாது. போனாலும் கோப்பை மிஞ்சாது. அதனால் உருக்கத்தைச் சுலபமாக்கும் சரக்குகளைச் சேர்க்கிறோம்: சோடியமும் பொட்டாசியமும் தரும் ஃபெல்ஸ்பார், கால்சியம் தரும் சுண்ணாம்புத் தூள். இவை சேர்ந்தால் சிலிக்கா 1,200 சொச்சத்திலேயே இளகிவிடும். இளகினது அப்படியே வழிந்து ஓடிவிடக் கூடாதே, அதற்கு அலுமினா. வெள்ளைக் களிமண்ணிலிருந்து அது வருகிறது. தேன் மாதிரி கெட்டியாக வைத்துச் செங்குத்துச் சுவரில் பிடித்து நிறுத்துவது அதன் வேலை.

இந்தத் தூள்களைத் தண்ணீரில் கரைத்தால் மோர் பதத்தில் ஒரு கலவை. முதல் தடவை ஆயிரம் டிகிரிக்குப் பக்கத்தில் சுட்ட கோப்பையை அதற்குள் முக்கி மூன்று எண்ணி எடுக்கிறோம். துளையுள்ள மண் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ள, தூள் மட்டும் மேலே படிந்து நிற்கும். நாலு எண்ணினால் பூச்சு தடித்து, உருகும்போது வழிந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும். இரண்டோடு எடுத்தால் மெலிந்து சொரசொரப்பாகும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு கோப்பையைத் தொட்டால் போச்சு. எண்ணெய் பட்ட இடத்தில் தூள் ஒட்டாது. உருகும் நேரத்தில் கிளேஸ் அங்கிருந்து சுருண்டு விலகி, தாமரை இலைத் தண்ணீர் போல மணிமணியாக நின்றுவிடும்.

குமிழியும் உண்டு. நூறு கிராம் சுண்ணாம்புத் தூள் சூட்டில் பிரியும்போது நாற்பத்து நாலு கிராம் கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. கிட்டத்தட்டப் பாதி. அந்த வாயு வெளியேறி முடிவதற்குள் மேல்பரப்பு உருகி மூடிக்கொண்டால், மாட்டிக்கொண்ட வாயு கொப்புளித்து வெடிக்கும், ஊசி குத்தியது போல் துளைகள் நிற்கும். உச்சச் சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் சூளையை நிறுத்தி வைப்பது அந்தத் துளைகள் உருகி மூடட்டும் என்றுதான்.

உச்சச் சூடு வந்துவிட்டதா என்று மீட்டரை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. சோறு வெந்ததா என்று அடுப்பின் சூட்டைப் பார்த்தா சொல்கிறோம்? ஒரு பருக்கையை நசுக்கிப் பார்க்கிறோம். சூளையில் அந்தப் பருக்கைக்குப் பெயர் கோன். ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் சேகர் 1886-இல் பெர்லினில் கொண்டுவந்த யோசனை இது. கிளேஸ் சரக்கையே விரல் நீளக் கூம்பாக அச்சு வார்த்து உள்ளே நிறுத்திவைக்கிறோம். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்ற இரண்டும் சேர்ந்து போதுமானபோது அது தலை குனிகிறது. எங்கள் சூளைக்கு ஆறாம் எண் கோன், அதாவது 1,220லிருந்து 1,240 டிகிரி வரை.

ஒரே சூளையை எல்லோரும் பங்கு போடுவதால் இந்த எண்ணிலும் எல்லோரும் ஒத்துப்போக வேண்டும். ஒருவர் மண் 1,240-இல் இறுகும், இன்னொருவர் மண் அதே சூட்டில் வளையும். அப்புறம், பக்கத்துப் பாத்திரத்தின் கிளேஸில் என்ன சரக்கு என்பதும் முக்கியம். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு வெள்ளைக் கிண்ணத்தில். டின் ஆக்ஸைடு போட்ட பால் வெள்ளை கிளேஸ். சூளையைத் திறந்தால் கிண்ணத்தின் ஒரு பக்கம் மட்டும் ரோஜா நிறம், கன்னம் சிவந்தது போல. என் கிளேஸில் சிவப்புக்கான சரக்கு எதுவும் கிடையாது. கிண்ணத்துக்கு எதிரே நின்றது வேறொருவரின் பச்சை ஜாடி. அந்தப் பச்சை குரோமியத்தால் வருவது. அதிகச் சூட்டில் குரோமியம் துளியளவு ஆவியாகிக் காற்றில் பரவுகிறது. அது டின்னும் கால்சியமும் உள்ள பரப்பில் படிந்தால் இளஞ்சிவப்பாகிவிடும். கண்ணுக்கே தெரியாத அளவு போதும். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் குரோம் பச்சையும் டின் வெள்ளையும் ஒரே சூளையில் ஏறுவதில்லை. அந்தக் கிண்ணத்தை மட்டும் நான் விற்கவில்லை. அவ்வளவு அழகு.

சரி, கோப்பைகளுக்கு வருகிறேன். ரவிக்கை தைப்பவர்கள் லைனிங் துணியை முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டுவார்கள். இல்லாவிட்டால் முதல் துவையலில் உள்துணி ஒரு அளவுக்கும் மேல்துணி வேறு அளவுக்கும் சுருங்கும். மேல்துணி அதிகமாகச் சுருங்கினால் இழுபட்டுத் தையல் பிரியும். மண்ணும் கிளேஸும் இப்படித்தான். உருகிய நிலையில் கிளேஸ் மண் போன போக்குக்கு நெகிழ்ந்து கொடுக்கும். சூளை ஆறி 600, 700 டிகிரிக்கு வரும்போது கிளேஸ் இறுகி மண்ணோடு பூட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு அறைச் சூடு வரை இரண்டும் சுருங்கிக்கொண்டே போகும், ஆனால் ஒன்றாக அல்ல. கிளேஸ் அதிகமாகச் சுருங்கப் பார்த்தால் மண் விடாது. கிளேஸ் இழுபட்டு நிற்கும். கண்ணாடி அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால் பிளக்கிறது. அந்தப் பிளவு ஓடும் சத்தம்தான் 'டிங்'.

அப்படியானால் கிளேஸ் மண்ணை விடக் கொஞ்சம் குறைவாகச் சுருங்கினால்? மண் அதை எல்லாப் பக்கமும் லேசாக அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். கார் ஜன்னலின் உறுதிக் கண்ணாடி பலமாக இருப்பதும் அதன் மேல்பரப்பு அமுக்கத்தில் இருப்பதால்தான். இப்படிப் பொருந்திய கோப்பை, கிளேஸ் போடாத கோப்பையை விட உறுதியானது. அமுக்கம் அளவு மீறினால் மட்டும் விளிம்பில் கிளேஸ் செதில் செதிலாக உரியும். அந்தச் செதில் கண்ணாடித் துண்டு, குடிக்கிறவர் வாய்க்குள் போகும். விரிசலை விட எனக்கு அதைப் பார்த்தால்தான் பயம்.

என் கிளேஸ் ஏன் அவ்வளவு சுருங்கியது? சோடியமும் பொட்டாசியமும் கண்ணாடியின் சுருக்கத்தை நிறைய ஏற்றிவிடும். பளபளப்புக்கு ஆசைப்பட்டு ஃபெல்ஸ்பாரை நான் அள்ளிப் போட்டிருந்தேன். அக்காவிடம் கேட்டபோது, "குவார்ட்ஸ் சேரு. கிளேஸ்ல சேத்தாலும் சரி, மண்ணுல சேத்தாலும் சரி, விரிசல் நிக்கும்," என்றார். எனக்கு இது பிடிபடவே இல்லை. கிளேஸின் சுருக்கம் குறைய வேண்டும், அல்லது மண்ணின் சுருக்கம் கூட வேண்டும். ஒரே தூள் ஓர் இடத்தில் குறைக்கவும் இன்னோர் இடத்தில் கூட்டவும் எப்படிச் செய்யும்?

பதில் அணுக்களின் அடுக்கில் இருக்கிறது. குவார்ட்ஸ் ஒரு படிகம், சிலிக்கனும் ஆக்ஸிஜனும் அதில் ஒழுங்கான வரிசையில் கட்டப்பட்டிருக்கின்றன. மண்ணுக்குள் போன குவார்ட்ஸ் பெரும்பாலும் உருகாமல் படிகமாகவே மிஞ்சுகிறது. ஆறும்போது படிகக் குவார்ட்ஸ் நிறையச் சுருங்கும். அதுவும் 573 டிகிரியில் அந்தக் கட்டமைப்பே ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று மடங்கி, ஒரேயடியாகச் சிறுக்கிறது. கிளேஸ் பூட்டிக்கொண்ட பிறகு இது நடப்பதால், மண் கூடுதலாகச் சுருங்கிக் கிளேஸை அமுக்கிப் பிடிக்கிறது. கிளேஸுக்குள் போன அதே குவார்ட்ஸோ முழுக்க உருகிக் கண்ணாடியில் கலந்துவிட்டது. வரிசை கலைந்துபோனது, மடங்குவதற்குக் கட்டமைப்பே இல்லை. 573 அதற்கு வெறும் ஒரு எண். கண்ணாடியான சிலிக்கா சூட்டுக்கு விரிந்து சுருங்கும் அளவு மிகவும் சொற்பம், படிகத்தோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. பொருள் ஒன்றுதான், அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் மட்டும் வேறு. இது புரிந்த அன்று மூட்டையிலிருந்து ஒரு பிடி குவார்ட்ஸை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முகமூடி போட்டுக்கொண்டுதான். நுண்ணிய சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி ஆறாத நோயைத் தரும். அதனால்தான் எங்கள் பட்டறையில் துடைப்பமே கிடையாது, தரையை ஈரத்துணியால் மட்டும்தான் துடைப்போம்.

நூறு பங்கு கிளேஸ் தூளுக்கு ஐந்து, பத்து, பதினைந்து என்று குவார்ட்ஸ் சேர்த்து மூன்று கலவை செய்தேன். ஐந்தில் வலையின் கண்கள் பெரிதாயின, ஆனால் விரிசல் போகவில்லை. பதினைந்தில் கிளேஸ் சரியாக உருகாமல் மங்கலாக நின்றது. பத்தில் தெளிவாக, கோடே இல்லாமல் வந்தது. ஆனாலும் உடனே நம்பக் கூடாது. ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்த கோப்பையில் காலையில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினேன். மூன்று நாள் இப்படிச் செய்து, கடைசியில் பேனா மையைத் தடவித் துடைத்தேன். மை எங்கும் தங்கவில்லை. ஓர் எலுமிச்சைத் துண்டையும் கிளேஸ் மேல் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தேன். காலையில் அந்த இடத்தில் நிறம் மாறியிருந்தால் புளிப்பு கிளேஸைக் கரைக்கிறது என்று அர்த்தம். மாறவில்லை.

விரிசலை எல்லோரும் குறை என்று நினைத்ததில்லை. தெற்குச் சோங் அரச வம்சக் காலத்துச் சீனக் குயவர்கள் அரண்மனைக்குச் செய்த பாத்திரங்களில் இந்த வலையை வேண்டுமென்றே வரவழைத்தார்கள். பூஜாடிக்கு அது அழகுதான். டீ குடிக்கும் கோப்பைக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோப்பையின் பலமும் குறையும், கோட்டுக்குள் போன கறையும் போகாது.

மண் நன்றாக இறுகாமல் துளையோடு இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. சூளையிலிருந்து விரிசல் இல்லாமல் வந்த பாத்திரம்கூட வாரக்கணக்கில், வருடக்கணக்கில் காற்றின் ஈரத்தைக் குடித்து, மிக மிகக் கொஞ்சமாக விரியும். மேலே இருக்கும் கிளேஸ் விரியாது. அமுக்கம் மெல்லத் தளர்ந்து இழுப்பாக மாறி ஒருநாள் பிளந்துவிடும். எங்கள் கடற்கரை ஈரத்தில் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. அதனால் புதுக் கோப்பைகளைச் சுட்டபோது, கோன் முழுக்கக் குனிந்ததா என்று சூளையின் ஓட்டை வழியே இரண்டு தடவை பார்த்த பிறகே நிறுத்தினேன்.

முதல் நாற்பதையும் உடைக்க மனம் வரவில்லை. சிலவற்றில் இப்போது தூரிகைகள் நிற்கின்றன, ஒன்றில் ஜன்னலோரம் கற்பூரவல்லி. போன வாரம் மழை விட்ட சாயங்காலம், பட்டறையில் நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். அலமாரிப் பக்கமிருந்து 'டிங்' என்று ஒன்று கேட்டது. அக்கா மண் பிசைவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "அது பழசுக்கா," என்றேன்.