தகரப்பெட்டியில் கிடக்கும் கண்டி பாஸ்போர்ட்

கேரளத்தின் குளத்துப்புழை ரப்பர் தோட்டத்திலிருந்து போன மாதம் ஓர் அக்கா புனலூரில் என் அலுவலகத்துக்கு வந்தார். மகன் துபாயில், பேரனைப் பார்த்துக்கொள்ள அம்மாவைக் கூப்பிடுகிறான். யாரோ நிரப்பிக் கொடுத்த பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நீட்டினார். பிறந்த ஊர் குளத்துப்புழை, குடியுரிமை ‘பிறப்பால்’ என்றிருந்தது.

“நீங்க பிறந்தது எங்கேக்கா?”

“இலங்கையில, பதுளைப் பக்கம், தோட்டத்து லயத்துல. அஞ்சு வயசுல கப்பல்ல வந்தோம். ஆதார், வோட்டர் கார்டு எல்லாம் இருக்கே வக்கீல் சார்?”

இந்தியாவும் இலங்கையும் 1964ஆம் ஆண்டு செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கைத் தோட்டங்களிலிருந்து இந்தியா வந்த தமிழர்களுக்காக உருவான தோட்டம் அது. அங்கிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஆதாரைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். ஆதார் எண் குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று ஆதார் சட்டத்தின் 9ஆம் பிரிவே சொல்கிறது. இலங்கையில் பிறந்து, ஒப்பந்தப்படி இந்தியர் ஆனவர்கள் பதிவு மூலம் குடிமக்கள். விண்ணப்பத்திலும் ‘பதிவு’ என்றுதான் குறிக்க வேண்டும். அதற்குக் கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த குடியுரிமைச் சான்றிதழோ, அந்தக் காலத்துப் பாஸ்போர்ட்டோ கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தாயகம் திரும்பியவர்களுக்குத் தந்த ஃபேமிலி கார்டும் தோட்டத்து வேலைப் பதிவும் துணைக்கு நிற்கும், அவ்வளவுதான்.

பிறந்த ஊரை மாற்றி எழுதினால் சுலபமாக முடியும் என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. பொய்த் தகவலுக்கு 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறை இருக்கிறது. முதலில் மாட்டிக்கொள்வது கையெழுத்துப் போட்டவர்தான்.

இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குத் தேதிதான் கணக்கு. 1987 ஜூலை 1க்கு முன் பிறந்திருந்தால் பிறப்பாலேயே இந்தியர். அன்று முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது பிறந்த அன்று இந்தியராக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இன்னும் கறார்: இருவரும் இந்தியர், அல்லது ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. அதனால்தான் பேரனுக்குக்கூடச் சில நேரம் தாத்தாவின் காகிதம் தேவைப்படுகிறது.

அக்கா மறுவாரம் அம்மாவின் தகரப்பெட்டியைக் கிளறி, ஓரம் கரையான் அரித்த பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தார். உள்ளே பிள்ளைகள் பட்டியலில் மூன்றாவதாக அவர் பெயர். எழுத்து மங்கியிருந்தாலும் முத்திரை தெரிந்தது.

“லேமினேட் பண்ணிடட்டுமா சார்?”

“ஐயோ, வேண்டாம். இப்படியே ஒரு உறையில் போட்டுக் கொண்டுவாங்க.”