சொல் விளக்கம்: உயிரணு ஒட்டு மூலக்கூறு

'செல் அட்ஹீஷன் மாலிக்யூல்' என்னும் தொடர், ஓர் உயிரணுவை மற்றோர் உயிரணுவோடோ தன்னைச் சூழ்ந்துள்ள புறப்பொருளோடோ பற்றவைக்கும் சவ்வுப் புரதங்களைக் குறிக்கும். 'அட்ஹீஷன்' என்பதன் வேர் இலத்தீனில் உள்ளது. 'அட்' என்பது 'நோக்கி' என்றும், 'ஹேரெரே' என்பது 'பற்றிக்கொள்' என்றும் பொருள்படும்.

இயற்பியலில் இச்சொல்லுக்கு வழங்கும் 'வேறினக் கவர்ச்சி' என்பது இங்கே பொருந்தாது. கேட்ஹெரின் என்னும் ஒட்டுப் புரதம், பெரும்பாலும் அண்டை உயிரணுவிலுள்ள தன் இனப் புரதத்தையே பற்றுகிறது. கால்சியம் இருந்தால்தான் அது ஒட்டும் என்பதால், ஜப்பானிய அறிஞர் மசாத்தோஷி தாக்கெய்ச்சி 1980களில் அதற்கு அப்பெயரைச் சூட்டினார். ஆகவே இனம் எதுவென்று சுட்டாத 'உயிரணு ஒட்டு மூலக்கூறு' என்பதே தகுந்த தமிழ் வழக்கு என்பது என் துணிபு.

ஆயினும் இந்த ஒட்டு நிலையான ஒட்டு அன்று. திசுவில் கிருமி புகுந்ததும், அருகிலுள்ள நுண்சிரைகளின் உட்சுவரில் செலெக்டின்கள் என்னும் ஒட்டுப் புரதங்கள் தோன்றுகின்றன. குருதியோட்டத்தில் விரையும் நியூட்ரோபில் என்னும் வெள்ளணு, அவற்றைத் தொட்டும் விட்டும் சுவரோரமாக உருண்டு வேகம் குறைகிறது. அங்குள்ள வேதிக் குறிப்புகளை உணர்ந்ததும் அதன் மேலுள்ள இன்டெக்ரின்கள் என்னும் ஒட்டுப் புரதங்கள் விறைத்து நிமிர்ந்து, சுவரிலுள்ள ஐகேம்-1 மூலக்கூறை இறுகப் பற்ற, வெள்ளணு நின்று, சுவரின் இடுக்கு வழியே திசுவுக்குள் நுழைகிறது.

இவ்வகை இன்டெக்ரின்களின் பொதுக்கூறான சிடி18 பிறவியிலேயே குறைந்திருந்தால் நேர்வது பெருந்துயரம். அக்குழந்தைகளின் குருதியில் வெள்ளணுக்கள் மிகுந்திருந்தும், அவை புண்ணை எட்டுவதில்லை. தொற்று முற்றினாலும் சீழ் கட்டாது, தொப்புள்கொடி உரிய காலத்தில் விழாது. வெள்ளணு ஒட்டுக் குறைபாடு எனப்படும் இந்நோய் கடுமையாக இருப்போருக்குக் குருதி மூலவுயிரணு மாற்றுச் சிகிச்சை தேவைப்படுகிறது.

நோய்க்கிருமிகளும் இதே பிடிமானத்தைப் பயன்படுத்திக்கொள்கின்றன: சளி உண்டாக்கும் ரைனோ வைரஸ்களில் பெரும்பாலானவை ஐகேம்-1 வழியாகவே உயிரணுவுக்குள் நுழைகின்றன. மார்பகப் புற்றில் ஒரு வகையில் ஈ-கேட்ஹெரின் அற்றுப்போவதால், புற்றணுக்கள் கட்டவிழ்ந்து தனித்தனியே பரவுகின்றன.

இந்த ஒட்டைத் தடுப்பதே மருந்தாவதும் உண்டு. நாட்டலிசுமாப் என்னும் மருந்து, ஆல்ஃபா-4 இன்டெக்ரினை மறித்து, உடலின் நோயெதிர்ப்பே நரம்புறைகளைத் தாக்கும் பல்திசு இறுக நோயில் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) நிணவணுக்கள் என்னும் வெள்ளணுக்கள் மூளைக்குள் புகாமல் தடுக்கிறது. அதே நிணவணுக்கள்தாம் மூளையை ஜேசி வைரஸிடமிருந்து காப்பவை என்பதால், அம்மருந்து பெறுவோரை அவ்வைரஸால் வரும் அரிய மூளைத்தொற்றுக்காகத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருக்கிறது.