மாடிக்கு இன்னொரு ரவுட்டர் வாங்கியவர்களுக்கு

வீடுகளில் நெட்வொர்க் வேலை பார்க்கும் எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம். "மாடியில வைஃபை ஃபுல்லா காட்டுது சார், நெட்டும் வருது. ஆனா கீழ இருக்கிற பிரின்டர் மட்டும் கிடைக்கவே மாட்டேங்குது." போய்ப் பார்த்தால், மாடியில் புது ரவுட்டர் ஒன்று இருக்கும். கீழிருந்து போகும் கேபிள் அதன் வேன் (WAN) போர்ட்டில், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புக்கான துளையில், செருகியிருக்கும்.

ஃபைபர் இணைப்பு கொடுப்பவர்கள் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் பெட்டியே இப்போதெல்லாம் பெரும்பாலும் முழு ரவுட்டர்தான். வீட்டிலுள்ள கருவிகளுக்கெல்லாம் ஐபி முகவரி கொடுப்பது அதன் டிஹெச்சிபி. அந்தக் கருவிகள் அனைத்தையும் ஒரே வெளி முகவரியில் இணையத்துக்கு அனுப்பும் நேட் வேலையையும் அதுவே பார்க்கிறது. மாடியில் வைத்த பெட்டியும் இதே இரண்டு வேலைகளைத் தன் பங்குக்குச் செய்ய ஆரம்பித்தால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் ஆகிவிடும். கீழே 192.168.1 என்று தொடங்கும் முகவரிகள், மேலே 192.168.0. "இங்கே பிரின்டர் இருக்கிறதா?" என்று லேப்டாப் கேட்கும் கேள்வி ரவுட்டரைத் தாண்டிப் போகாது. இணையம் மட்டும் இரண்டு நேட்டைத் தாண்டி எப்படியோ வந்துவிடுவதால் கோளாறு எங்கே என்று யாருக்கும் பிடிபடுவதில்லை. இரண்டு பெட்டியும் 192.168.1 வரிசையையே பிடித்துக்கொண்டால் இன்னும் மோசம், மாடியில் இணையமே வராது. (சில புது ரவுட்டர்கள் இதைக் கண்டுகொண்டு தாமாகவே எண்ணை மாற்றிக்கொள்ளும்.)

சோதிப்பது சுலபம். மாடி வைஃபையில் ஃபோனை இணைத்து, வைஃபை விவரத்தில் ‘கேட்வே’ எண்ணை, அதாவது ரவுட்டரின் முகவரியை, பாருங்கள். கீழே வந்து அந்த வைஃபையிலும் பாருங்கள். எண் வேறாக இருந்தால் வீட்டில் இரண்டு ரவுட்டர் ஓடுகிறது.

ரவுட்டர் வேலையை ஒரு பெட்டி பார்த்தால் போதும். மாடிப் பெட்டியின் செட்டிங்கில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ (ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு வைஃபை மட்டும் கொடுக்கும் நிலை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்தது. பழைய மாடலில் அது இல்லையென்றால் கையால் செய்ய வேண்டும். முதலில் அதன் லேன் (LAN, வீட்டுக்குள்ளான நெட்வொர்க்) முகவரியை 192.168.1.2 என்பதுபோல, கீழ்ப் பெட்டி யாருக்கும் கொடுக்காத எண்ணாக மாற்றுங்கள். புது முகவரியில் மறுபடி உள்ளே போய் டிஹெச்சிபியை அணையுங்கள். கடைசியாக, கீழிருந்து வரும் கேபிளை வேன் போர்ட்டிலிருந்து பிடுங்கி லேன் போர்ட்டில் செருகுங்கள். வரிசையை மாற்றி டிஹெச்சிபியை முதலில் அணைத்துவிட்டால், பெட்டி ரீஸ்டார்ட் ஆனதும் லேப்டாப்புக்கு 169.254 என்று உதவாத முகவரி ஒன்று வந்து நிற்கும். பெட்டிக்குள் நுழைய லேப்டாப்பில் கையால் ஐபி போட வேண்டியிருக்கும்.

கேபிள் இழுக்க வழியில்லாத வீடுகளில்தான் வயர்லெஸ் பிரிட்ஜ், அதாவது இரண்டு பெட்டிகளைக் கேபிள் இல்லாமல் இணைக்கும் பேச்சு வரும். கடையில் ‘எக்ஸ்டென்டர்’ என்று கொடுக்கும் மலிவுப் பெட்டிகள் பலவும் ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் திருப்பிச் சொல்பவை. வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதையும் சிக்னலே இல்லாத அறையில் வைத்துவிட்டுத் திட்டுவார்கள்! கிடைக்காத சிக்னலை அது எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்? பாதி வழியில் வைக்க வேண்டும். கான்கிரீட் தளத்தைத் துளைத்துப் போவதில் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலையைவிட 2.4 தேவலை, மாடிப்படி திறந்திருந்தால் அந்த வழியாக 5 கிகாஹெர்ட்ஸும் தாராளமாக ஏறும்.

சாதாரண ரவுட்டர் இரண்டை வயர்லெஸ்ஸில் பிரிட்ஜ் செய்வதில் வேறொரு சிக்கல் உண்டு. வைஃபை கிளையன்ட் (ரவுட்டரோடு இணையும் கருவி) அனுப்பும் ஃபிரேமில், அதாவது தகவல் பொட்டலத்தில், வழக்கமாக மூன்று முகவரிகளுக்குத்தான் இடம். பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் டிவி, கேமரா ஆகியவற்றின் உண்மையான மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) சொல்ல நாலாவது இடம் வேண்டும். ரவுட்டர்களை வயர்லெஸ்ஸில் இணைக்கும் டபிள்யூடிஎஸ் (WDS) என்ற வசதி அதைத்தான் தருகிறது. ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் அதைத் தன் போக்கில் செய்து வைத்திருப்பதால் வேறு வேறு பிராண்ட் பெட்டிகள் பெரும்பாலும் ஒத்துப்போகாது. ஒரே கம்பெனி ஜோடியாக வாங்குங்கள்.

இன்னொன்றும் அடிக்கடி நடக்கிறது. வயர்லெஸ் பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு நாள் கேபிளும் இழுத்து அதே இரண்டு பெட்டிகளை இணைத்துவிடுவார்கள். இரண்டு வழி கிடைத்ததும் பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள், அதாவது எல்லாக் கருவிக்கும் போகும் தகவல்கள், சுற்றிச் சுற்றி வரும். போர்ட் விளக்குகள் எல்லாம் ஒரே வேகத்தில் வெறிபிடித்ததுபோல் மின்னும், வீடு முழுக்க நெட் செத்துவிடும். கம்பெனிக்குப் புகார் கொடுப்பதற்கு முன் அந்தக் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். நெட் வந்துவிட்டால் பிரிட்ஜை அணைத்துவிட்டுக் கேபிளை மறுபடி செருகுங்கள்.

எதிர் வீட்டுக்கோ தோட்டத்து ஷெட்டுக்கோ கொண்டுபோக வேண்டுமென்றால் மொட்டை மாடி வழியே செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு பக்கப் பெட்டிகளும் போர்ட்டோடு போய்விடும். நேருக்கு நேர் பார்க்கும் அவுட்டோர் பிரிட்ஜ் ஜோடியோ ஃபைபரோ போடுங்கள். பிரிட்ஜ் என்றால் நடுவில் தென்னை மரம் நிற்கிறதா என்று மாடியேறிப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.