பைத்தியம்: பித்தத்தில் பிறந்த சொல்

எங்கள் தெருவில் ஓர் அக்கா. அவர் வீட்டு அடுப்படி அலமாரியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். உள்ளே அவர் தம்பியின் மாத்திரை அட்டைகள். மாதம் ஒருமுறை தம்பியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். எங்கே என்று கேட்டால், "நரம்பு டாக்டர்கிட்ட" என்பார். மனநல மருத்துவர் என்று சொல்லமாட்டார். சொன்னால் கேட்பவர் மனதில் அடுத்ததாக எந்தச் சொல் வரும் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தச் சொல் வசவாகப் பிறந்ததல்ல. வடமொழியில் 'பித்த' என்பதிலிருந்து 'பைத்ய' வரும். பித்தத்தால் உண்டானது என்று பொருள். அதாவது பைத்தியம் என்பது ஒரு வைத்தியர் நாடி பார்த்துச் சொல்லியிருக்கக்கூடிய நோய்ப்பெயர். வாதம், பித்தம், கபம் மூன்றும் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் என்பது பழைய மருத்துவக் கணக்கு. குறளும் 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்று அதைத்தான் சொல்கிறது. பித்தம் தலைக்கேறினால் புத்தி தடுமாறும் என்று நினைத்தார்கள். கிரேக்கர்களும் இதே வழியில்தான் போனார்கள்: 'மெலன்கோலியா' என்றால் கரும்பித்தம்.

பித்து, பித்தன் எல்லாம் அதே வேர்தான். ஆனால் பித்துக்கு ஒரு மரியாதை ஒட்டிக்கொண்டது. சுந்தரர் சிவனையே பித்தா என்றார். பெத்த மனம் பித்து என்கிறோம். பைத்தியத்துக்கு அந்த யோகம் இல்லை. நோய் என்ற பொருள் மெல்ல உதிர்ந்துபோய், ஆளைக் கேலி செய்யும் பொருள் மட்டும் மிஞ்சியது.

சரி, பித்தத்துக்கு முன்னால் தமிழில் என்ன இருந்தது? மையல். 'மையல் ஒருவன் களித்தற்றால்' என்ற குறளில் மையல் ஒருவன் என்றால் புத்தி பேதலித்தவன். மதம் பிடித்த யானையும் மையல் யானைதான். இன்று அந்தச் சொல்லை மீட்டெடுக்கலாமே என்று தனித்தமிழ் ஆர்வலர் யாராவது கிளம்பினால், மருத்துவமனை வாசலில் காதல் வயப்பட்டவர்கள்தான் வரிசையில் நிற்பார்கள். சித்த மருத்துவம் இவ்வகை நோய்களைக் 'கிரிகை' என்கிறது. அதுவும் ஏட்டோடு நின்றுவிட்டது.

பேச்சுவழக்கு மட்டும் சும்மா இருக்கவில்லை. கிறுக்கு, மறை கழண்டது, ஆங்கிலத்திலிருந்து வந்த லூசு. 'மெண்டல்' என்பதற்கு மனம் சார்ந்தது என்பதற்கு மேல் பொருளே கிடையாது, அதையும் வசவாக்கிவிட்டோம். ஊர்ப்பெயர்களும் தப்பவில்லை. சென்னையில் 1794-ல் தொடங்கிய காப்பகம் பின்னர் கீழ்ப்பாக்கத்துக்குப் போனது. அதோடு கீழ்ப்பாக்கமே ஒரு கேலிச்சொல் ஆனது. இலங்கையில் அதே கதி அங்கொடைக்கு.

சட்டத்தின் சொற்களும் இப்படித்தான் நகர்ந்தன. 1912-ல் வந்தது இந்திய லூனசி சட்டம். லூனசி என்றால் பைத்தியம். லத்தீனில் லூனா என்றால் நிலவு. அமாவாசை, பௌர்ணமிக்கு முற்றும் என்கிற நம்பிக்கை அங்கேயும் இருந்தது. 1987-ல் அதை நீக்கிவிட்டு மனநலச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆனாலும் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை வெளிப்படையாகத் தடைசெய்தது 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம். உடல் நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரவேண்டும் என்றதும் அதே சட்டம்தான். இத்தனைக்குப் பிறகும், 'சித்தசுவாதீனம் இல்லாதவர்' என்று நீதிமன்றம் அறிவித்தால் வாக்காளர் பட்டியலில் அவருக்கு இடமில்லை என்ற விதி இன்னும் இருக்கிறது.

இந்தச் சொற்களுக்கு நாடு கொடுக்கும் விலை கணக்கில் வருகிறது. பெங்களூருவில் இருக்கும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள், சம்பாதித்து வீட்டைத் தாங்கவேண்டிய நடுவயதினர். எந்த நோய் என்பதைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. சிகிச்சைக்கும் போக்குவரத்துக்கும் ஒரு குடும்பம் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் செலவழித்தது. கூடவே போகும் ஆளின் ஒருநாள் கூலியைத் தனியே சேர்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்கு வராததற்கு டாக்டர் பற்றாக்குறையும் காரணம், தூரமும் காரணம். பெயருக்குப் பயந்து ஒதுங்கியவர்களும் அதில் இருக்கிறார்கள்.

அப்புறம், எதைத்தான் சொல்வது? 'மனநோய்' என்பதே என் தேர்வு. மனம் வடசொல் என்று தயங்குபவர்கள் உளநோய் எனலாம். இலங்கைத் தமிழர்கள் உளநலம், உளவளத்துணை (கவுன்சிலிங்) என்று இயல்பாகவே புழங்குகிறார்கள். 'மனநலம் பாதிக்கப்பட்டவர்' என்பது செய்தித்தாளுக்குச் சரி, கொஞ்சம் நீளம். 'மனநலம் குன்றியவர்' மட்டும் வேண்டாம். அறிவு வளர்ச்சிக் குறைபாட்டையும் மனநோயையும் ஒன்றாக்கிக் குழப்புகிறது. முன்னது பெரும்பாலும் பிறப்பிலோ சிறுவயதிலோ வருவது, பின்னது எந்த வயதிலும் வரலாம், பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும். மனநோய் என்பதில் எனக்குப் பிடித்தது அதன் பின்பாதி. பைத்தியம் தொலைத்துவிட்ட 'நோய்' அதில் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது.

அந்த அக்காவிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே பாட்டிலை எடுத்து, அன்றைய மாத்திரையைப் பிரித்துத் தம்பி கையில் வைத்தார். "நோய்னு சொன்னா பொண்ணு குடுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு மூடியைத் திருகினார்.