ஜப்பானில் கதிர்வீச்சு வேலை செய்து திரும்பியவர்கள் இழக்கக் கூடாத உரிமை

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 11ஆம் திகதி பிற்பகல் 2.46 மணிக்கு, அதாவது கொழும்பில் முற்பகல் 11.16 மணிக்கு, 2011இன் நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் இறந்தவர்களுக்கு ஜப்பான் மௌன அஞ்சலி செலுத்துகிறது. அதே ஆண்டு ஃபுகுஷிமாவில் மூன்று அணு உலைகள் உருகிய பின்னர் அங்கே கதிரியக்கம் படிந்த மண்ணைச் சுரண்டி அள்ளியவர்களை அந்த நிமிடத்தில் எவரும் நினைப்பதில்லை. அவர்களில் தொழில் பழகுவதற்கென ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டுப் பயிலுநர்களும் இருந்தனர். பயிலுநர்களை இவ்வேலையில் ஈடுபடுத்தக் கூடாதென 2018இல்தான் அரசு அறிவித்தது. ஆகவே ஒப்பந்தத்தில் 'கட்டட வேலை' என்று மட்டும் இருந்தால், இடத்தையும் வேலையையும் எழுத்தில் கேளுங்கள்.

கதிர்வீச்சினால் நோயுற்றவருக்குத் தொழிலாளர் விபத்துக் காப்புறுதியில் இழப்பீடு உண்டு. அந்தக் காப்புறுதிக்கான கட்டணம் முழுவதையும் முதலாளியே செலுத்த வேண்டும். உங்கள் சம்பளத்தில் கழித்திருந்தால் அது முறைகேடு. வேலையை விட்டு நாடு திரும்பியதாலோ விசா காலாவதியானதாலோ உரிமை அழிவதில்லை. இதைச் சொல்லத்தான் எவருமில்லை. கொட்டாஞ்சேனையில் நான் விண்ணப்பம் எழுதிக்கொடுத்த இளைஞர் ஒருவரை ஓர் அலுவலகம் ஜப்பானில் கேட்கச் சொன்னது, இன்னோர் அலுவலகம் முகவரிடம் கேட்கச் சொன்னது, முகவரோ தொலைபேசியையே எடுக்கவில்லை.

இரத்தப் புற்றுநோய்க்கு இழப்பீடு வழங்குவதற்கான அளவுகோலை 1976இலேயே வகுத்துவிட்டார்கள்: பெற்ற கதிர்வீச்சு, வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 5 மில்லிசீவர்ட் (உடல் பெற்ற கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்ற கணக்கை எட்ட வேண்டும், வேலை தொடங்கி ஓராண்டு கடந்த பின்னரே நோய் தோன்றியிருக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு 15 மில்லிசீவர்ட். ஃபுகுஷிமா தொழிலாளி ஒருவரின் இரத்தப் புற்றுநோய் வேலையால் வந்ததென முதன்முதலில் ஏற்கப்பட்டது 2015 ஒக்டோபரில். பொறி இங்கேதான் இருக்கிறது: உப ஒப்பந்தக்காரர் மாற மாற, பெற்ற கதிர்வீச்சின் அளவுப் பதிவுகள் சிதறிப்போகும், ஒன்று தவறினாலும் கூட்டுத்தொகை குறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முதலாளியிடமிருந்தும் விலகும்போதே பதிவின் பிரதியைப் பெற்று, நீங்கள் பெற்ற அளவுகளைக் குறிக்கும் கதிர்வீச்சுக் கைந்நூலையும் சம்பளச் சீட்டுகளையும் அதனுடன் வைத்திருங்கள்.

நம்மவருக்கேயுரிய இன்னொரு தொல்லை பெயர். தந்தையின் பெயர் ஓரிடத்தில் முன்னும் மற்றோரிடத்தில் பின்னுமாக ஜப்பானிய எழுத்தில் பதிவாகியிருந்தால், ஒரே ஆளை இரண்டு ஆட்களாகக் கணக்கிட்டுவிடுவார்கள். ஒவ்வொரு பிரதியுடனும் கடவுச்சீட்டு, வதிவிட அட்டை ஆகியவற்றின் நகல்களை இணைத்து வையுங்கள்.

விண்ணப்பம், வேலைத்தலம் அமைந்த பகுதியின் தொழில் நியம மேற்பார்வை அலுவலகத்துக்கே போக வேண்டும். சிகிச்சைச் செலவுக்கும் இழந்த சம்பளத்துக்கும் 2 ஆண்டுகளே காலக்கெடு, ஊனத்துக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் 5 ஆண்டுகள். முதலாளி கையொப்பமிட மறுத்தால் அதற்காகக் காத்திருந்து நாட்களை இழக்காதீர்கள். அவர் மறுத்ததைக் கடிதமாக எழுதி இணைத்து அனுப்பினாலும் விண்ணப்பத்தை ஏற்பார்கள்.